ஏழு கிலோக்காரர்

பாரம் குறைப்பவர் என்று ஓர் இனம் பெருகிவருகிறது. அடையாளம் கண்டுகொள்வது எளிது. மோட்டார் சைக்கிளில் வருவார். கூடாரம், படுக்கை, அடுப்பு, நான்கு நாள் சாப்பாடு எல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டதாகச் சொல்வார். சொன்ன வாய் மூடுவதற்குள் உங்களிடம் சோப்பு கேட்பார்.

உங்கள் பெட்டியைப் பார்த்து அவர் "இவ்வளவுமா?" என்பார். இது கேள்வி அல்ல, இரங்கல்.

அவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குப் பொருள்மேல் ஆசை. இவருக்குப் பொருள் இல்லாமையின்மேல் ஆசை. இரண்டாவது ஆசை கொஞ்சம் ஆபத்தானது, ஏனென்றால் அதற்குத் துறவு என்று பெயர் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒருவர் இருக்கிறார். பார்சல் அலுவலகத்தில் எடை போடும் வேலை. பத்திலிருந்து ஐந்து வரை ஊரார் சுமையை நிறுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தன் சுமையை நிறுப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'கிராம்' என்று பெயர். அந்தப் பெயரிலும் ஓர் எழுத்து அதிகம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும்.

பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்துவிட்டார். கரண்டிக்கும் அதே கதி. சட்டைக் காலரில் கம்பெனிப் பெயரோடு தைத்த துணிப்பட்டிகளை வெட்டியெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து எடை பார்த்து, பதினோரு கிராம் என்று குறித்துவைத்தார். நூடுல்ஸைப் பாக்கெட்டோடு உள்ளங்கையால் நொறுக்கித் தூளாக்குவார். "காத்தைச் சுமக்கவா பெட்ரோல் போடுறேன்?" என்பார். ஒருமுறை என்னிடம் ஒரு புத்தகம் இரவல் வாங்கிப்போனார். முன்னுரை இல்லாமல் திரும்பி வந்தது. "அதை நான் படிக்கப்போறதில்லைங்க, எதுக்குப் பாரம்?" என்றார். நானும் அந்த முன்னுரையைப் படித்ததில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: குளிர்பான டப்பா இரண்டை வெட்டி அவர் செய்த அடுப்பு எரிகிறது. ஸ்பிரிட் ஊற்றினால் எட்டு நிமிடத்தில் ஒரு குவளைத் தண்ணீர் கொதிக்கிறது. கூடாரம் அவர் மனைவி தைத்தது. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவர் அவர். பல் மருத்துவமனை ஒன்று கழற்றிப்போட்ட விளம்பர பேனரை வாங்கிவந்து, கச்சிதமாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். ஒரே குறை, விளம்பரம் உட்பக்கம் போய்விட்டது. படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் ஆறடி நீளப் பல்வரிசை.

தைத்துக் கொடுத்த கைக்கு அந்தக் கூடாரத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம். ஆறு வருடங்களாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இந்தத் தடவையாவது நானும் வரட்டுமா?"

"வராம? உன்னைக் கூட்டிப்போகத்தானே இவ்வளவு பாடு! பின்சீட்டுல பை இருக்கே. ஏழு கிலோவுக்குள்ள கொண்டுவந்துட்டா அதைப் பெட்ரோல் டேங்க் மேல கட்டிடலாம். பின்சீட்டு உனக்குத்தான்."

"பிரஷ்ஷை அறுக்கிறதுக்குப் பதிலா ராத்திரி ரெண்டு ரொட்டி குறைச்சா இன்னும் சீக்கிரம் ஆகுமே?"

"அது உடம்பு. கணக்குல வராது."

பதினெட்டு கிலோவில் தொடங்கிய பை எட்டரைக்கு வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது. பையில் இருப்பவற்றில் பாதி, 'ஒருவேளை' என்ற சொல்லால் உள்ளே நுழைந்தவை! ஒருவேளை மழை வந்தால் என்று ஒரு மழைக்கோட்டு. ஒருவேளை பங்சர் ஆனால் என்று ஒரு பசைக்குழாய். ஒருவேளை சளி பிடித்தால் என்று ஒரு தைலப்புட்டி. பயம்தான் பாரம் என்று கண்டுபிடித்தார். இதை நம்மைவிடப் பெரியவர்கள் பலர் முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்; ஆனால் அவர்கள் யாரும் மோட்டார் சைக்கிளில் ஏரிக்குப் போகவில்லை. குளிர்சாதனப்பெட்டிமேல் ஒட்டியிருந்த பயணப் பட்டியலில் 'ஒருவேளை' என்று தொடங்கிய எல்லா வரிகளையும் சிவப்பு மையால் அடித்தார். பை ஆறு கிலோ தொள்ளாயிரத்து எண்பது கிராம்!

மனைவி விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். ரொட்டி, அவித்த முட்டை, வதக்கிய உருளைக்கிழங்கு என ஒரு டப்பா நிறையக் கட்டிவைத்தார். மறந்துவிடக் கூடாது என்று பட்டியலின் அடியிலும் எழுதிவைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கணவர் பெருமையாகவும் மனைவி வேறு விதமாகவும் மாடிப்படியில் வைத்துச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத் தருகிறேன்.

மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரை. பல்வரிசைக் கூடாரம் எழுந்து நின்றது. மனைவி பையைத் திறந்து பார்த்தார், கையை விட்டும் பார்த்தார்.

"டப்பா எங்கே?"

"எந்த டப்பா?"

"சாப்பாட்டு டப்பாங்க! பட்டியல்லகூட எழுதியிருந்தேனே."

"ஓ, அதுவா? ஒருவேளைன்னு போட்டிருந்துச்சு. அடிச்சுட்டு டப்பாவை ஃபிரிட்ஜுலயே வெச்சுட்டேன்."

"ஐயோ! அது 'ஒரு வேளை சாப்பாடு'ங்க! ஒரு. வேளை. நடுவுல இடம் விட்டுத்தானே எழுதினேன்?"

"கொஞ்சமா விட்டிருப்பே."

"இடம் விடுறதுல கஞ்சத்தனம் யாருக்குன்னு ஊரைக் கேளுங்க."

அவர் கலங்கவில்லை. நொறுக்கிய நூடுல்ஸ் இருந்தது, ஒருவர் அளவுக்கு. பட்டியலில் ஆட்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் ஆறு வருடமாக ஒன்று என்றுதான் இருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. "ஆளுக்கு முப்பத்தஞ்சு கிராம் வரும்" என்று ஆறுதல் சொன்னார். கரண்டியும் ஒன்றுதான், அதிலும் பாதி.

பக்கத்தில் ஒரு பழைய வேன் நின்றது. ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் அவர் மனைவியும். மடக்கு மேசை, இரும்பு வாணலி, கேஸ் அடுப்பு, நாலு நாற்காலி. நம்மவர் கண்ணில் முதலில் பட்டது நாற்காலிகள்தான்.

"ரெண்டு பேருக்கு எதுக்குண்ணே நாலு நாற்காலி?"

"யாராச்சும் வந்தா உக்கார வேணாமா தம்பி? வாங்க, உக்காருங்க. தங்கச்சி, நீயும் வாம்மா."

உட்கார்ந்தார். சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவருக்குள் உபதேசம் ஊறியது.

"இந்த வாணலி மட்டும் ரெண்டே கால் கிலோ இருக்கும்ணே. மனுசன் எதுக்கு இப்படி அடிமையாக் கிடக்கணும்?"

"நல்லாச் சொன்னீங்க. இன்னொரு முட்டை போடட்டுமா?"

"போடுங்க. ரெண்டாவே போடுங்க."

அவர் மனைவி தட்டுகளைக் கழுவ எழுந்தார். கழுவச் சோப்பு வேன்காரர்களுடையது, துடைக்கத் துணியும் அவர்களுடையது.

காலையில் கூடாரத்தை மடிக்கும்போது மனைவி கேட்டார்: "அடுத்த தடவையும் கூட்டிட்டு வருவீங்களா?"

ஆறு வருடம் காத்திருந்தவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். நம்மவர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எடை விஷயத்தில் அவர் நேர்மையானவர்.

"பாக்கலாம். நீ ஏறினதுல லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குறைஞ்சுடுச்சு பாரு."

மனைவி மடித்த பேனரைக் கீழே வைத்தார். வேன்கார அக்காவிடம் போய் ஏதோ கேட்டார். திரும்பி வந்து, "நான் இவங்களோட வேன்லயே வர்றேன்" என்றார்.

இந்த இடத்தில் ஒரு கணவர் என்ன செய்வார்? கோபிப்பார், கெஞ்சுவார், குறைந்தது முகமாவது வாடுவார். நம்மவர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு! அப்ப இந்தப் பையையும் அதுலயே போட்டுடு."

போட்டார்கள். கையை வீசிக்கொண்டு வண்டியில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் பாரம் குறைப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'திரும்பும் வழியில் சுமை: பூஜ்யம் கிலோ' என்று எழுதினார். எழுபது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் 'குருவே' என்றார்.

அவர் மனைவி அடுத்த மாதம் மலைக்குப் போனார், வேனில். மூன்றாவது நாற்காலி இப்போது அவருடையது. அதற்குப் பூப்போட்ட உறைகூடத் தைத்துவிட்டார். 'கிராம்' படியில் நின்று கையசைத்தார். எதையோ குறைத்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. எதை என்று அவர் இன்னும் நிறுத்துப் பார்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் மோட்டார் சைக்கிள் இல்லை, பிரஷ்ஷும் முழுசாகத்தான் இருக்கிறது. சரி. ஆனால் ரயில் நிலையத்திலோ கடைத்தெருவிலோ கையை வீசிக்கொண்டு, இந்த உலகத்தில் எனக்கென்று என்ன வேண்டிக்கிடக்கிறது என்று நிம்மதியாக நடக்கும்போது, ஒருதரம் திரும்பிப் பாருங்கள். நாலடி பின்னால், இரண்டு கையிலும் பையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் வருவார்.

அவர் உங்களுக்கு என்ன முறை?