நான் மட்டும் தவறவிட்ட நடுக்கம்

பொறாமையில் பல ரகம் உண்டு. தங்கை நகை வாங்கினால் வருவது, தங்கைக்கு நல்ல மாப்பிள்ளை அமைந்தால் வருவது எல்லாம் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூடியவை. என்னுடையது வெளியில் சொல்ல முடியாத ரகம். என் தங்கை நிர்மலா ஒரு பூகம்பத்தில் மாட்டிப் பிழைத்தவள். அந்தப் பூகம்பம் எனக்குக் கிடைக்கவில்லையே என்று பல வருடம் வயிறெரிந்தவள் நான்.

வண்டன்மேட்டில் எங்களுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்த் தோட்டம். நிர்மலா நர்ஸுக்குப் படித்து வடக்கே போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தபோதுதான் பூமி குலுங்கியது. இரண்டு கைகளிலும் இரண்டு குழந்தைகளை அணைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடியிருக்கிறாள். அவள் லீவில் வந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பாதி ஊர் எங்கள் வீட்டில்தான். "அந்தப் பூகம்பத்தச் சொல்லு தாயி" என்பார்கள். அம்மா மீன் தலையை அவள் தட்டில் வைப்பாள். நான் எல்லோருக்கும் பால் விடாத கட்டங்காப்பி போட்டுக்கொண்டே (பதினெட்டு டம்ளர்!) காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். என்றைக்காவது அந்த இரண்டு குழந்தை மூன்றாகும், அப்போது பிடித்துவிடலாம் என்று. பாவி, ஒருநாளும் ஆகவில்லை.

அப்புறம் எங்கள் ஊருக்கே ஒரு நடுக்கம் வந்தது. சின்னதுதான், ஓர் ஓடுகூட விழவில்லை. அன்று மத்தியானம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மூட்டைகளை இறக்கிவிட்டு, செல்லையா அண்ணனின் ஜீப்பில் வீடு திரும்பினேன். முற்றத்தில் கூட்டம். அம்மா, என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மேரி அக்கா, எல்லோர் முகத்திலும் பரிசு விழுந்த களை.

"ஏட்டி, நடுக்கம் வந்துச்சுல்லா! பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடிச்சு" என்றாள் அம்மா.

"என்னையக் கட்டிலோட தூக்கிப் போட்டுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். (அவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப நான் இருபது வருடமாகப் போராடுகிறேன்.)

எங்கள் வீட்டுப் பூனைகூட நடுக்கத்தைப் பார்த்துவிட்டது. நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாவம், பயந்துட்டா" என்று மேரி அக்கா என் முதுகைத் தடவினாள்.

அந்த நேரம் பார்த்து நிர்மலாவின் ஃபோன். என் வீட்டுக்காரர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா எங்க? அக்காவுக்கு ஒண்ணுமில்லல்லா?" என்று பதறினாள். நான் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு ஓடினேன். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அத ஏன் கேக்க! அடுப்படியில நிக்கேன், செவரு ரெண்டும் நெருங்கி வருது. அம்மாவ ஒரு கையில, இவர ஒரு கையில இழுத்துட்டு வெளிய ஓடியாந்தேன்."

"அத்தானையுமா?" (அத்தான் எண்பத்தைந்து கிலோ.)

"ரெண்டு பேரையுந்தான்."

பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினால், முற்றமே அங்கே நின்றது. முன்வரிசையில் செல்லையா அண்ணன், ஜீப்பில் நான் மறந்த குடையோடு.

"என்ன தங்கச்சி, அந்நேரம் நாம ஏத்தத்துல வந்துக்கிட்டுல்லா இருந்தோம்? நீங்க வாயத் தொறந்து ஒறங்கிட்டு வந்தீக. நானும் ரோட்டுக் குழின்னு நெனச்சுட்டேன்" என்றார் அவர்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. நடுக்கத்துக்கு அசையாத ஓடுகள் அதற்கு ஆடியிருக்கும். துவைக்கிற கல் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"யாரும் சிரிக்காதீங்க" என்றது ஃபோன். எல்லோரும் அடங்கினார்கள். நிர்மலாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "நானும் முழுசாச் சொன்னதில்லக்கா. மொதக் குலுக்கலுக்கு நான் தனியாத்தான் ஓடினேன். பாதிப் படி எறங்கின பெறகுதான் பிள்ளைக ஞாபகமே வந்துச்சு. திரும்ப ஏறிப் போயித்தான் தூக்குனேன். இத்தன வருசமா அத யார்ட்டயும் சொல்லல."

அம்மாதான் ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து, "ஏறிப் போனியா இல்லியா? அது போதும்ட்டி" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நியாயமாகப் பார்த்தால் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எத்தனை வருடமாக அவள் கதையில் ஓட்டை தேடினேன்! ஆனால் அன்று ராத்திரி மீன் குழம்பைக் கிளறிக்கொண்டே யோசித்தேன். பாதிப் படி இறங்கித் தப்பித்தவள், ஆடுகிற கட்டடத்துக்குள் மறுபடி ஏறிப் போயிருக்கிறாள். நான் என்றால் ஏறியிருப்பேனா? என் தங்கையை நினைத்து முதல்தடவையாகப் பெருமைப்பட்டேன். அடுத்த நிமிடமே, ஐயோ, கதை முன்னைவிடப் பெரிதாகிவிட்டதே என்று பழையபடி வயிறு எரிந்தது.

இப்போது நிர்மலா அந்தப் படிக்கட்டையும் சேர்த்தே சொல்கிறாள். காப்பி முப்பது டம்ளர் ஆகிவிட்டது. என் கதையும் சாகவில்லை. எங்கள் வாஷிங் மெஷின் துணியைப் பிழியும்போது வீடே அதிரும். உடனே அம்மா, "ஏட்டி, ஓடியா! இதையாவது பாத்துக்க!" என்று கத்துவாள். கட்டிலில் கிடக்கும் என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடத் திறக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டுவார்.

"இந்தா, இழுத்துட்டுப் போ."