என் பேஷன்ட் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள்

நான் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியாளன். எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது.

இதை எப்படி மறைத்தாய் என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை, எனக்கே தெரியாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் என் வேலை இதுதான்: நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பு அணுக்களுக்கு, 'இதோ பார், இதுதான் புற்றுநோய் அணு, கண்டதும் அடி' என்று கற்றுக்கொடுப்பது. ஒருவகையில் டியூஷன் வாத்தியார். பாடம் படித்த அணுக்களைப் பெருக்கி, மறுபடி அதே நோயாளியின் உடம்பில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் ரத்தம் எடுப்பது, பிரிப்பது எல்லாம் வேறு அறையில், வேறு ஆட்கள். என் மேஜைக்கு வரும்போது அந்த அணுக்கள் ரோஸ்மில்க் நிறத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். ரோஸ்மில்க்கைப் பார்த்து யாராவது மயங்கி விழுவார்களா?

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே டீக்கடைக்குப் போகிற வயது. எங்கள் ஊர் செங்கத்தில் என் அம்மா, "எம் புள்ள கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டான்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (நான் மறுக்கவில்லை. பெற்ற தாயை எதிர்த்துப் பேசக் கூடாதல்லவா?)

எங்களிடம் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் ஒருவர் வெள்ளையன். ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். சாமையும் புளியும்தான் பிழைப்பு. எல்லா மருந்தும் கைவிட்ட நிலையில் வந்து, எங்கள் வார்டில் பல வாரம் கிடந்து, எழுந்து நடந்து வீடு போனவர். ஒரு வருடம் முடிந்ததும் அவர் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். கூப்பிட்டால், "புளி உலுக்கற நேரம் மேடம். ஒடம்பு நல்லாத்தான் கீது. அப்புறமா வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் தலைவியை நாங்கள் மேடம் என்போம். அவர் முகம் இறுகியது. "நல்லா இருக்கேன்னு அவர் சொன்னா போதாது. நாம ஏத்தின அணுக்கள் இன்னும் அங்க இருக்கான்னு தெரியணும். இல்லைன்னா, நோய் திரும்பறதுக்குள்ள நாம முந்திக்கணும்."

நான் கையைத் தூக்கினேன். "நானே போய் எடுத்துட்டு வர்றேன் மேடம்."

ஊசி போடப் போவது நானல்ல. அந்தப் பகுதி நர்சம்மா வந்து ரத்தம் எடுத்துக் கொடுப்பார், நான் ஐஸ் பெட்டியில் வைத்து அன்று மாலைக்குள் கொண்டு வந்து சேர்த்தால் போதும். பெட்டி தூக்கத் தைரியம் எதற்கு?

வெள்ளைக் கோட்டு போட்டபடியே ஷேர் ஜீப்பில் ஏறினேன். (மலைக்கு எதற்கு வெள்ளைக் கோட்டு என்று கேட்காதீர்கள். வழியெல்லாம் செம்மண் புழுதி.) பக்கத்தில் இருந்தவர், என் மடியிலிருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"பொட்டியில இன்னா சார், ஐஸா?"

"விஞ்ஞான ஆராய்ச்சி."

"அது குச்சியில வருமா, கப்புல வருமா?"

பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளையன் வீட்டு வாசலில் உரித்த புளி குன்றாகக் குவிந்திருந்தது. அவர் மனைவி குப்பு, சுத்தியலால் கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். "எங்கம்மா அவரு?" என்றேன். குப்பு ஆகாயத்தைக் காட்டினார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் பொக்கிஷம் ஒரு புளியமரத்தின் உச்சிக் கிளையில் நின்று, அதை இரண்டு காலாலும் மிதித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"இறங்குங்க!" என்று அலறினேன்.

"தோ வர்றேன் சார். இந்த ஒரு கெளதான்."

இறங்கி வந்தவர் ஊசி என்றதும் லேசாகத் தயங்கினார். நர்சம்மாவும் வந்துவிட்டார். அக்கம்பக்கத்து ஜனம் கூடியது. கூட்டத்தைக் கண்டதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. "ஊசிக்கெல்லாம் பயப்படலாமா? ரத்தம்னா என்ன? வெறும் திரவம். பயம் அறியாமையிலதான் வருது. தைரியமா என் முகத்தைப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நர்சம்மா ஊசியை ஏற்றினார். முதல் குப்பியில் ரத்தம் குபுக்கென்று ஏறியது.

"இது ஏன் இவ்வளவு சிவப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"பச்சையாவா இருக்கும்?" என்றார் நர்சம்மா.

அந்தப் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே புளியமரம் மெதுவாகச் சாய்ந்தது. பிறகுதான் தெரிந்தது, சாய்ந்தது மரமல்ல.

கண் விழித்தபோது புளிக் குவியல் நடுவே மல்லாந்து கிடந்தேன். தலைமுடி, காது, கோட்டு, எல்லாம் புளி. குப்பு என் மூக்கில் நசுக்கிய வெங்காயத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி வெள்ளையன் முறத்தால் விசிறினார். நர்சம்மா மட்டும் அமைதியாக நாலாவது குப்பியை மூடிக்கொண்டிருந்தார். நான் விழுந்தபோதும் அவர் ஊசியை விடவில்லையாம்.

"மூஞ்சி வெளுத்துப் போச்சே. இவருக்கும் அந்த நோவுதானோ?" என்றார் குப்பு.

"நீ சும்மா இரு. நான் பாக்கறேன்" என்றார் வெள்ளையன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அணுக்களை ஏற்றிய பிறகு சிலருக்கு மூளை குழம்பும். அதனால் வார்டில் தினமும் சில கேள்விகள் கேட்டு, தெளிவாக இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வெள்ளையன் அந்தப் பரீட்சையைத் தினம் தினம் எழுதியவர். கேள்வித்தாள் மனப்பாடம்.

"சார், உங்க பேரு இன்னா?"

சொன்னேன்.

"இது இன்னா ஊரு?"

"மலை" என்றேன்.

வெள்ளையன் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"நூறுலேர்ந்து பத்து பத்தா கொறைச்சிக்கினே வாங்க."

நான் முனைவர் பட்டம் பெற்றவன். "நூறு. தொண்ணூறு. எழுபது..."

ஊரே மூச்சைப் பிடித்தது.

"எம்பது இன்னா ஆச்சி சார்?" என்றார் வெள்ளையன், மிகுந்த கனிவோடு. பிறகு குப்புவிடம் திரும்பி, "மூளைக்கு ஏறிடிச்சி. இவரத் தனியா அனுப்பக் கூடாது. என் சட்டைய எடு" என்றார்.

"அப்ப புளி?"

"மனுசன் உசுரு பெருசா, புளி பெருசா?"

நான் சரியாகிவிட்டதாகச் சத்தியம் செய்தேன். 'குழம்பினவங்க எல்லாம் இதான் சொல்லுவாங்க' என்பது வார்டில் அவர் கற்ற இன்னொரு பாடம். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலோடு என்னைத் தூக்கினார்கள். ஜீப்பின் பின் சீட்டில் கிடத்தினார்கள். என் தலை வெள்ளையன் மடியில், அவருடைய ரத்தம் அவர் காலடியில். பஸ்ஸிலும் சீட்டு பிடித்துப் படுக்கவைத்து, எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வரைக்கும் கொண்டு வந்துவிட்டார்.

அங்கே டியூட்டி டாக்டர் என் கோட்டிலிருந்த பழுப்புக் கறைகளைப் பார்த்துப் பதறி, "எங்க அடி? எவ்வளவு ரத்தம் போச்சு?" என்றார்.

"ரத்தம் எனக்குத்தான் போச்சி டாக்டர். அது புளி" என்றார் வெள்ளையன்.

வரவேற்பில் இருந்த பெண், படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்: "கூட வந்தது நீங்களா? இவருக்கு நீங்க என்ன உறவு?"

வெள்ளையன் கொஞ்சம் யோசித்தார். "நான் இவரோட பேஷன்ட்டும்மா."

தகவல் போய் மேடம் ஓடி வந்தார். கட்டிலில் நான். பக்கத்தில், எந்த மனிதரை மலையிலிருந்து இறக்க முடியாமல் திண்டாடினாரோ அதே மனிதர், ஐஸ் பெட்டியோடு. மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. "வந்துட்டீங்களா!" என்று வெள்ளையன் கையைப் பிடித்துக்கொண்டார். வந்த கையோடு அவருக்கு மற்ற பரிசோதனைகளையும் செய்து முடித்தார்கள். எனக்கு ஒரு குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஊசி குத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முடிவு சில நாளில் வந்தது. நாங்கள் ஏற்றிய அணுக்கள் அவர் ரத்தத்தில் இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்தன. நோயின் சுவடே இல்லை. அந்தத் தாளை வாங்கி வாசித்தபோது எனக்கு மறுபடி கண் இருட்டியது. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளையனிடம் போனில் சொன்னேன். குப்புதான் போனை வாங்கிப் பேசினார்: "அவரு அழுவுறாரு சார். நீங்க நல்லா கீறீங்களா? சாப்ட்டீங்களா?"

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு இந்தச் சிகிச்சை செய்துவிட்டோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருக்கிறாள். ஆனால் வீட்டில் நான் சாவியைத் தொலைத்தாலும், பால் பொங்கி வழிந்தாலும், ஸ்கூட்டரைத் தப்பான தெருவில் திருப்பினாலும், மனைவியும் மகளும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான்: "எம்பது இன்னா ஆச்சி சார்?" அம்மா இப்போது செங்கத்தில் என்னைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்.

வெள்ளையன் அன்றிலிருந்து ஒரு பரிசோதனையையும் தவறவிட்டதில்லை. "சாரை மட்டும் மேல அனுப்பிடாதீங்க மேடம், நானே வந்துடறேன்" என்பது அவர் ஏற்பாடு. ரத்தம் கொடுத்து முடித்ததும் நேராக என் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், ஆரம்பிங்க சார்" என்பார். ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் வாசலில் வந்து கூடிவிடுவார்கள்.

இந்த வருடம் எண்பதைச் சரியாகச் சொல்லிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஐம்பதை விட்டுவிட்டேன்.