ஏழாம் வளைவில் நின்றவன்

சிரிக்க வைப்பேன், சத்தியம். ஆனால் இப்போது இல்லை. மூடுபனி விலகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

கிரீஸின் பிண்டஸ் மலையிலிருந்து மனைவி எவந்தியாவுடன் காரில் இறங்கிக்கொண்டிருந்தார் ஸ்டாமாத்திஸ். மதியம் மூன்று மணி. ஆனாலும் உலகமே சுண்ணாம்பு அடித்த சுவர். காலையில் கிளம்பும்போதே இரண்டு சபதம் எடுத்திருந்தார். பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சுற்றும் சங்கிலியை மாட்டுவதில்லை. மனைவி கையில் ஸ்டியரிங்கைக் கொடுப்பதில்லை.

"ஏங்க, கொஞ்சம் மெதுவா."

"இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன். இந்த ரோடு என்னைப் பார்த்தா எந்திரிச்சு நிக்கும்!"

"அது நிக்கட்டும். நாம படுத்துடக் கூடாதுல்ல?"

காரின் பின்பக்கம் வழுக்கிப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

வளைவுக்கு வளைவு கம்பத்தின் மேல் ஒரு குட்டித் தகரக் கோயில். வண்டி உருண்ட இடத்தில் நட்டு வைப்பது. ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெய் விளக்கு. சுடர் மட்டும் பனிக்குள் மிதந்து வரும், முகத்தை உற்றுப் பார்க்கும், போய்விடும். எவந்தியா ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது ஏழாவது வளைவு. லாம்ப்ரோஸோடது," என்றாள் குரலைத் தாழ்த்தி.

"எந்த லாம்ப்ரோஸ்?"

"ஆட்டு வியாபாரி. சங்கிலி மாட்டல. வண்டி நூறடி கீழ. இந்த மாதிரி நாள்ல ரோட்டோரம் நின்னு கை காட்டுவானாம்."

"கதை விடாதடி!" சிங்கமாகக் கிளம்பிய குரல் பாதியில் ஆட்டுக்குட்டியானது.

வளைவு. விளக்கு. விளக்கின் பக்கத்தில், கையைத் தூக்கியபடி ஓர் ஆள். புருவமெல்லாம் உறைபனி.

"மாதாவே!"

கார் அரைவட்டம் அடித்து, பனிக்குவியலில் மூக்கைப் புதைத்தது.

"சங்கிலி மாட்டுனவங்களை அவன் ஒண்ணும் பண்றதில்லையாம்," என்றாள் எவந்தியா.

ஐந்தே நிமிடம். நாலு டயருக்கும் சங்கிலி ஏறிவிட்டது. உருவம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றது.

"நீயே ஓட்டு," என்று சாவியை நீட்டினார் ஸ்டாமாத்திஸ்.

"அவனையும் ஏத்திக்குவோம். இல்லன்னா பின்னாடியே வீட்டுக்கு வந்துடுவானாம்."

உருவம் பின்சீட்டில் ஏறியது. எவந்தியா எறும்பு மாதிரி காரை ஊர விட்டாள். ஸ்டாமாத்திஸின் பிடரியில் ஈரமாய்க் குளிர்ந்த மூச்சு. பிறகு ஒரு சத்தம். மொறுக். மொறுக். பேய் சீஸ் அப்பம் தின்றுகொண்டிருந்தது.

"நீ... செத்து எத்தனை நாளாச்சு?" என்றார் திரும்பாமலே.

"யாரு செத்தா? உயிர் பிழைச்சவனும் நேர்ந்துக்கிட்டுக் கோயில் வைப்பான்தானே, அண்ணே!" குரல் எவந்தியா பக்கம் திரும்பியது. "என்னக்கா நீங்க, ரெண்டரைக்கு வந்து நில்லுன்னீங்க. அரை மணி நேரமா விறைச்சுட்டேன். வாயைத் திறக்கக் கூடாதுன்னு வேற உத்தரவு."

ஸ்டாமாத்திஸ் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"அதுக்குத்தான் பின்சீட்டுல உனக்குக் கூட ரெண்டு அப்பம் வச்சேன்," என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.