நாற்பத்திரண்டு வசதி

மெர்வின் சார் இனி நடப்பார். தினம் பத்தாயிரம் அடி! பாளையங்கோட்டையே அதிரும்படி சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். காரணம் பீரோவுக்குள் இருந்தது: முதலூரிலிருந்து மைத்துனி அனுப்பிய மஸ்கோத் அல்வா. சாவி அவர் மனைவி ரீபாவின் இடுப்பில். சாருக்குச் சர்க்கரை முந்நூறு.

“ஒரு வாரம் நடங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ரெண்டு துண்டு தாரேன்.”

சார் உடனே போனில் ஓர் ஆப்பை இறக்கினார். அடியை மட்டுமா எண்ணும்? கை தட்டும், பொன்மொழி சொல்லும், பட்டாசு வெடிக்கும். நாற்பத்திரண்டு வசதி! படிக்காமலே எல்லாவற்றுக்கும் டிக் அடித்தார்.

“நடக்கதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஜிகினா?”

“ஏட்டி, கம்ப்யூட்டர்ல இதுக்குப் பேரு பெல்லும் விசிலும்!”

“அது பஸ் கண்டக்டருக்குல்லா வேணும்?”

திங்கட்கிழமை ஐந்நூறாவது அடியில் முட்டி மடக்கென்றது. சார் மைதானத்துப் பெஞ்சில் விழுந்தார். உடம்புதான் உட்கார்ந்தது, மனசு பீரோவைச் சுற்றி ஓடியது. கூட வந்த நாய் சீசரோ காக்காயை விரட்டிக்கொண்டிருந்தது. ஆகா! போனைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு அதன் கழுத்தில் கட்டினார். ஒரு மணி நேரத்தில் பட்டாசு வெடித்தது. நாலு காலல்லவா!

தினமும் இதே கதை.

“இன்னைக்கு எவ்வளவுங்க?”

“பத்தாயிரத்து நானூறு! காலு கழண்டு போச்சுட்டி.”

“பாவம்,” என்று ரீபா தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. மேசையில் மூடிய தட்டு. குடும்ப ஜெபம் முடியாமல் தொடக்கூடாது. கண்ணை மூடினாலும் சாரின் கால் தரையில் தாளம் போட்டது.

ரீபா ஜெபித்தாள்: “கிருபையுள்ள ஆண்டவரே, தினம் பத்தாயிரம் அடி நடந்த ஜீவனுக்காக ஸ்தோத்திரம். ஆயிரம் அடிக்கொரு படம் எடுத்து வீட்டம்மாவுக்கு அனுப்புத இருபத்தேழாவது வசதிக்காகவும் ஸ்தோத்திரம். காக்காயப் பாத்தேன். கார் டயரப் பாத்தேன். மீன்கடைக் குப்பையப் பாத்தேன். பெஞ்சுல கடல கொறிச்ச எங்க வீட்டுக்காரரையும் தாடைக்கு அடியில இருந்து பாத்தேன்…”

ஜெபத்துக்குக் குறுக்கே பேச முடியுமா? சார் நெளிந்தார், வியர்த்தார்.

“…அல்வாவ அடுத்த வீட்டு கிரேஸக்கா பிள்ளைகளுக்குக் குடுத்தாச்சு. நடந்தவனுக்குரிய பரிசு தட்டுல இருக்கு. நாளையில இருந்து அவன் இவரக் கூட்டிட்டுப் போகக் கிருபை செய்யும்.”

“ஆமென்,” என்றார் சார். கண்ணைத் திறந்தால், தட்டில் எலும்பு. எதிரே சங்கிலியைக் கவ்விக்கொண்டு சீசர் தயார்.