நுரையரின்ரை நாக்கு

வலிகாமம் முழுக்கத் தேடினாலும் நாக்கெண்டு சொல்லக்கூடிய நாக்கு ஒண்டுதான் இருந்தது. மற்றவை எல்லாருக்கும் வாய்க்குள்ளை கிடந்தது கதைக்கிறதுக்கு மட்டுந்தான். அந்த ஒரு நாக்கு எங்கடை நுரையரின்ரை.

அவற்ரை சொந்தப்பேர் எனக்கு ஞாபகமில்லை. அவருக்கும் மறந்துபோச்செண்டுதான் நினைக்கிறன். ஒருக்கா வோட்டுப் போடப் போன இடத்திலை, பேரை மூண்டுதரம் கூப்பிட்டும் மனிசன் எனக்குப் பக்கத்திலை சும்மா நிண்டவர். உரும்பிராய்க் கள்ளுத் தவறணையிலை பிளாவைக் கையிலை எடுத்தால் முதல் நுரையைப் பாப்பார். பிறகு காதுக்குக் கிட்டப் பிடிச்சு நுரை உடையிற சத்தத்தைக் கேப்பார். அதுக்குப் பிறகுதான் வாய். அதாலை நுரையர். பிளா எண்டால் தெரியுந்தானே, பனையோலையைக் கோலி முடிஞ்ச ஏனம். இப்ப பிளாஸ்ரிக் கோப்பை வந்திட்டுது. நுரையர் அதைக் கையாலையும் தொடமாட்டார்.

என்ன சொல்ல வந்தனான்... ஓம், நாக்கு. ஒருநாள் ஒரு வாய் குடிச்சிட்டு, "இண்டைக்குச் சீவினது சின்னவன் இல்லை, அவன்ரை மச்சான்" எண்டார். கேட்டுப்பாத்தால், எங்கடை தவறணைக்கு மரஞ்சீவிற சின்னவன் கொடிகாமத்திலை கலியாண வீட்டிலை நிக்கிறான். கத்தி ஆழமாப் போனால் கள்ளு கோவத்தோடை வருமாம். தென்னங்கள்ளும் பனங்கள்ளும் அவருக்கு ரெண்டு மனிசர். "தென்னங்கள்ளு பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரி, எல்லாத்துக்கும் சிரிக்கும். பனங்கள்ளு கூடப்பிறந்தவன் மாதிரி, முகத்துக்கு நேரை சொல்லிப்போடும்" எண்டு சொல்லுவார்.

தவறணை மனேச்சர் ராசனுக்கு அவரைக் கண்ணிலை காட்டக்கூடாது. காரணம் இருக்கு. ஒருநாள் சபை நிறைய ஆக்கள் இருக்கேக்கை நுரையர் ஒரு வாய் குடிச்சிட்டு, "ராசன், கோயிலடிக் கிணறு வத்திப்போச்சே? ஏன் உந்த உவர்க் கிணத்துத் தண்ணியைக் கலந்தனீர்?" எண்டு கேட்டுப்போட்டார். தண்ணி கலந்ததுக்குச் சனம் கோவிக்கேல்லை. உவர்த்தண்ணி கலந்ததுக்குத்தான் கோவிச்சது. ராசன் பிறகு ஒரு சொட்டும் கலக்கேல்லை, அந்தக் கதையை மறக்கவும் இல்லை.

கொரோனாக் காய்ச்சல் வந்து நுரையர் பதினைஞ்சு நாள் படுத்துக் கிடந்தார். எழும்பி வந்த நாளிலையிருந்து ஒரு புதுப்பழக்கம். "தம்பி, முதல் நீ குடி." என்னிலை மரியாதை கூடிப்போச்செண்டு நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு குடிப்பன். அவர் என்னைப் பாத்துக்கொண்டிருந்திட்டுப் பிறகு தான் குடிச்சுத் தீர்ப்புச் சொல்லுவார். தீர்ப்புப் பிழைச்சதில்லை.

போன வருசம் கனடாவிலையிருந்து ரவி வந்தான். எங்கடை ஊர்ப் பெடியன்தான், இப்ப தலை நரைச்சுப்போச்சு. அங்கை சின்னச் சின்ன அண்டாவிலை, பெரிய கொம்பனிக்காரர் மாதிரி இல்லாமல், வகைவகையாப் பியர் காய்ச்சுறானாம். நாலு பியர்த் தகரத்தை இடுப்பிலை கட்டுற சாரத்துக்குள்ளை சுத்திக் கொண்டந்து, ஐசுப்பெட்டியிலை வைச்சு, பேர் தெரியாமல் மேலை பேப்பர் ஒட்டித் தவறணைக்குத் தூக்கிக்கொண்டு வந்திட்டான்.

"நுரை அண்ணை, உங்கடை நாக்கு எங்கடை சாமானுக்குச் சரிவருமோ பாப்பம்."

ராசன் கல்லாவை விட்டிட்டு முன்னுக்கு வந்து குந்தினான். "இண்டைக்குத் தெரியும், நாக்கோ நடிப்போ எண்டு. பிழைச்சால் இனி இந்தத் தவறணையிலை தீர்ப்புச் சொல்லக்கூடாது, சொல்லிப்போட்டன்."

"ஓம்" எண்டார் நுரையர். "ஆனால் பிளாவிலை ஊத்தும். கிளாசிலை நான் மருந்துதான் குடிக்கிறனான்."

முதல் தகரம் கறுப்பு. நான் குடிச்சன், அவர் குடிச்சார். "வறுத்த தானியம். கோப்பிக்கு ஒண்டுவிட்ட சகோதரம்." சரி. ரெண்டாவதிலை என்ரை உதடு தன்பாட்டிலை உள்ளுக்குப் போச்சு. "புளிக்க விட்டது. வேணுமெண்டே விட்டது." சரி. மூண்டாவதின்ரை நுரையைக் கனநேரம் கேட்டார். "கோதுமை. நுரை நிண்டு கதைக்குது." ரவி எழும்பிக் கும்பிட்டான். சனம் கை தட்டிச்சுது.

நாலாவது. நான் ஒரு வாய் இழுத்தன். என்ரை கடைவாய்ப் பல்லிலை ஒரு ஓட்டை. ஐசுக்குளிர் அதுக்குள்ளை இறங்கி உச்சி வரைக்கும் போச்சு. முகம் கோணிப்போச்சு. நுரையர் வாங்கிக் குடிச்சிட்டு அவசரப்படாமல் ஆறுதலாச் சொன்னார்: "இதுதான் கசப்பு. வேப்பம்பூக் கசப்பு."

ரவி பேப்பரைக் கிழிச்சான். "அண்ணை... இது மாம்பழமும் தேனும்."

நுரையர் என்னைத்தான் பாத்தார். பிளாவைத் திரும்பக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனார், கண்ணை என்ரை முகத்திலையிருந்து எடுக்கேல்லை. அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது. இவ்வளவு நாளும் மனிசன் கள்ளைக் குடிக்கேல்லை, என்ரை முகத்தைத்தான் குடிச்சிருக்கிறார்.

நான் பிளாவைப் பறிச்சு இன்னொரு வாய் குடிச்சன். தேனெண்டால் தேன், சீனிப்பாணியெண்டால் சீனிப்பாணி, அப்பிடி இனிச்சுது. "கசக்குது" எண்டன்.

ராசன் என்னையும் பாத்தான், நுரையரையும் பாத்தான். எழும்பி வந்து மிச்சத்தை ஒரே மடக்கா இழுத்தான். "தம்பி ரவி, உம்மடை தகரம் மாறிப்போச்சு. உது வேப்பம்பூவேதான். நாக்கு வழிக்கவேணும் போல கிடக்கு." மூலையிலை இருந்தவன் ஒருத்தன், குடிக்கவே இல்லை, அவனும் "சரியான கசப்பு" எண்டு காறித் துப்பினான். ரவி வெறுந்தகரத்தைப் பாத்தான், எங்களைப் பாத்தான். "ஓம்... ஒட்டேக்கை மாறியிருக்கும்" எண்டான். நல்ல பெடியன்.

பொழுதுபடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு ரெண்டுபேரும் நடந்தம்.

"காய்ச்சலோடை ருசி போட்டுது தம்பி. கள்ளும் சுடுதண்ணியும் இப்ப எனக்கு ஒண்டுதான். உன்ரை முகம் ஒண்டையும் ஒளிக்காது, அதை நம்பித்தான் இருந்தனான். இண்டைக்கு ஏன்ரா ஏமாத்தினனீ?"

"கடைவாய்ப் பல்லு அண்ணை. குளிர் ஏறிப்போச்சு."

சைக்கிளை வேலியிலை சாத்திப்போட்டு, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சார். அவர் சிரிக்க நானும் சிரிச்சன், பல்லு வலியோடை.

அடுத்தநாள் விடிய நான் பல்லு டொக்ரரிட்டைப் போனன். பாத்திட்டு, "ஐயா, இந்தப் பல்லை அடைச்சுக் காப்பாத்தலாம், நாலைஞ்சுதரம் வரவேணும்" எண்டார்.

"நாலைஞ்சுதரம் சரிவராது டொக்ரர், இப்பவே பிடுங்கிவிடுங்கோ" எண்டன். "பின்னேரம் எனக்கு வேலை இருக்கு."