செய்திகள் மோதாத ஊர்

உலகத் தகவல்தொடர்பின் வரலாற்றை எழுத யாராவது உட்கார்ந்தால், தொண்டாமுத்தூருக்கு மேற்கே இயங்கும் யானை விரட்டும் சங்கத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்காமல் எழுந்திருக்க முடியாது.

சங்கம் தோட்டத்துக்கு ஒன்று வீதம் வாக்கி-டாக்கி கொடுத்திருந்தது. யானை வந்தால் அதில் சொல்ல வேண்டும்; கேட்டவர்கள் டிராக்டரும் பட்டாசுமாக ஓடிவர வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கியதால் 'கொர்ர்ர்' என்பது மட்டுமே ஊர் முழுக்கக் கேட்டது.

இந்த அநாகரிகத்தை ஒழிக்க வந்தவர்தான் ஆலோசகர் வரதராஜுலு. "செய்தியும் செய்தியும் காத்துல மோதிக்குதுங்க. ஆளுக்கொரு முறை வெச்சாத் தீந்துது" என்றார். வைத்தார். பெரிய தோட்டம் முதலில், சின்னத் தோட்டம் கடைசியில். ஏன் என்று கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் 'தொழில்நுட்ப அறிவு' இல்லை. காட்டை ஒட்டிக் கொஞ்சம் வாழை வைத்திருந்த சாந்தாமணிக்குக் கடைசி முறை.

ஒரு சாயங்காலம், தார் வெட்டும் பருவத்தில் நின்ற அவள் வாழைக்குள் யானைகள் நுழைந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முட்டாமல் மோதாமல், ஆலோசகரே மெச்சும் ஒழுங்கோடு. சாந்தாமணி பொத்தானை அமுக்கினாள்.

"ஏனுங்க, இங்க யான..."

"அம்மணி, உங்க முறை இன்னும் வரலீங்க" என்று வரதராஜுலுவின் குரல் குறுக்கிட்டது. "எதுவா இருந்தாலும் உங்க முறையில சொல்லுங்க."

முதல் முறை மெயின் ரோட்டோரத் தென்னந்தோப்புக்காரர் பொங்கியண்ணனுடையது. யானையை அவர் கோயிலில்தான் பார்த்திருக்கிறார். அதற்காகக் கிடைத்த உரிமையை விட்டுவிட முடியுமா?

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்க ஒண்ணுமில்லீங்க. சாப்பிட்டாச்சுங்களா?"

அடுத்தடுத்த தோட்டங்களும் ஒன்றுமில்லை என்பதை மரியாதை குறையாமல் விரிவாக அறிவித்தன. வாழை முறியும் சத்தம் கேட்கக் கேட்க சாந்தாமணி தகரத்தைத் தட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு யானை மட்டும் நின்று பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கியது.

ஒருவழியாக அவள் முறை வந்தது. "வந்து, தின்னுபோட்டு, போயிருச்சுங்க."

"கேட்டீங்களா, என்னா தெளிவு!" என்று நெகிழ்ந்தார் ஆலோசகர்.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 'ஒரு செய்திகூட மோதவில்லை' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே அவர் சாந்தாமணியின் பக்கம் திரும்பினார்.

"யானை பண்ணுன நாசத்துக்கு நாம என்னங்க அம்மணி பண்ண முடியும்?"

சாந்தாமணி எழுந்து நின்றாள்.

"வாழையைத் தின்னது யானைதானுங்க. என்ற வாயைக் கட்டுனது நீங்கதானுங்களே!"