துண்டு போர்த்திய டி.வி.யும் தரை இறங்காத விமானமும்

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
8.5.1998

அன்பு மாப்பிள்ளை பிராங்கிளினுக்கு, அத்தான் மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், உன் அக்காள் வியாகுலம் சுகம், வாசல் முருங்கையும் சுகம். டி.வி. மட்டும் சுகமில்லை. உன் கப்பலும் அதன் எஞ்சினும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம்.

நிற்க. நீ ஜப்பானில் வாங்கிச் சிநேகிதனிடம் கொடுத்தனுப்பிய வீடியோ கேம் பெட்டி வந்து சேர்ந்தது. அக்காளுக்குப் பொழுது போகட்டும் என்று எழுதியிருந்தாய். அவளுக்குப் போகிறது, எனக்குத்தான் போகவில்லை. முதல் நாள் நான் நேராகக் கரண்டில் சொருகினேன். டப்பென்று சத்தம், கருகல் வாடை. டி.வி. மெக்கானிக் அப்துல் சுக்கூர் வந்து, "சார், இது அவுக ஊரு கரண்டுக்குச் செஞ்சது, நம்மூரு கரண்டு இதுக்கு டபுள். ட்ரில் மாஸ்டர்னா எதையும் விரட்டிக்கிட்டேவா இருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, கருகிய பியூஸை மாற்றி, செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரையும் மாட்டிப் போனார். படம் வந்தது, கலர் வரவில்லை. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து என்பதால் படத்தைப் பார்த்தே உன் அக்காள் கதையைச் சொல்லிவிட்டாள். இரும்பு நட்சத்திரம் ஒன்று இருக்கிறதாம், அதிலுள்ள எந்திரங்கள் பூமியைப் பிடிக்க வருகின்றனவாம், ஒரே ஒரு பையன் குட்டி விமானத்தில் தனியாகப் போகிறானாம். ஆரம்பத்தில் அவன் முகம் வரும். "ஏங்க, நம்ம பிராங்கிளின் சாடையா இல்ல? அந்த மூக்கப் பாருங்க!" என்றாள். எனக்குப் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் பெயர் பிராங்கிளின்.

நான் ஆடினால் விமானம் கிளம்பிய இடத்திலேயே விழுகிறது. முப்பது வருசம் விசில் ஊதிப் பள்ளிக்கூடத்தையே நிறுத்தினவன், ஒரு பொம்மை என் சொல்லைக் கேட்கவில்லை. அவளோ கட்டம் கட்டமாகத் தாண்டுகிறாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தால், "செத்த நேரம் பொறுங்க, பிள்ளையச் சுத்தி நிக்கிறாங்ய" என்கிறாள். சாயங்கால ஜெபமாலையில் ஒரு பத்து மணி அவனுக்கென்று ஒதுக்கியாயிற்று. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரிடம் பெட்டிக்கும் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள், அவரும் தாராளமான மனுசர். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடியதால் அது பிழைத்தது. தீர்த்தம் முழுக்க என் சட்டையில்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை, என் வாய் சும்மா இருக்கவில்லையே! மதுரைப் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே காசு போட்டு நின்றுகொண்டு ஆடுகிற, பீரோ உயரப் பெட்டி ஒன்றில் இதே விளையாட்டு, அதுவும் கலரில்! ஆடிக்கொண்டிருந்த காலேஜ் பையன் கடைசிவரை போனான். விமானம் இரும்பு நட்சத்திரத்துக்குள் புகுந்தது, நட்சத்திரம் வெடித்தது, விமானமும் அதோடு போயிற்று. "இந்தப் பெரிய பெட்டிதான் சார் மொதல்ல வந்தது. வீட்டுல ஆடுறது இதப் பாத்துச் செஞ்சது" என்றான் அவன். நான் பஸ்சை விட்டு இறங்கி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அத்தனையையும் ஒப்பித்தேன். உன் அக்காள் அப்போது கடைசிக் கட்டத்தின் வாசலில் இருந்தாள். பட்டென்று நிறுத்தி வைக்கும் பொத்தானை அமுக்கினாள்.

நாலு நாளாக விமானம் நடுவானில் நிற்கிறது. ஆடவும் மாட்டாள், அணைக்கவும் விடமாட்டாள். டி.வி.க்குத் துண்டு போர்த்தி மேலே ஜெபமாலையை வைத்திருக்கிறாள். "நான் ஆடுனாத்தானே அவன் சாவான்? அங்ஙனயே நிக்கட்டும். கடலுக்குப் போனவன் ரெண்டு கிறிஸ்மஸுக்கு வரல. இவனையும் நானே அனுப்பி வைக்கணுமாக்கும்?" என்று முந்தானையில் மூக்கைச் சிந்துகிறாள். எனக்கு நியூஸ் இல்லை, கிரிக்கெட் இல்லை, சோற்றுக்கு வெஞ்சனம் இல்லை, வெறும் மோர்தான். தூறல் போட்டாலே போகிற கரண்ட் இந்த வாரம் பார்த்துப் போக மாட்டேன் என்கிறது. மாப்பிள்ளை, அவள் அழுவது பொம்மைக்காக இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதனால் லீவு போட்டு உடனே வந்து, உன் பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு போய்விடு. இனி ஒரு நாளும் என் வீட்டில் அது இருக்கக்கூடாது.

நீ போகும் கடலெல்லாம் அலையடங்கி இருக்கட்டும், காவல் சம்மனசுகள் உன் கூடவே வரட்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
அத்தான் மிக்கேல்ராஜ்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன், கால் வயரில் மாட்டி, கையில் பிடித்து ஆடுகிற கட்டை கீழே விழுந்து, நிறுத்தி வைக்கும் பொத்தான் மறுபடி அமுங்கிவிட்டது. துண்டுக்கு உள்ளேயிருந்து படபடவென்று சுடுகிற சத்தம்! "ஐயோ, பிள்ள!" என்று அவள் அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து, துண்டை உருவி எறிந்துவிட்டு ஆடினாள். நட்சத்திரம் வெடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. மாப்பிள்ளை, அந்தப் புகைக்குள்ளிருந்து விமானம் வெளியே வந்ததடா! கடற்கரையில் வந்து இறங்கியது, அங்கே ஒரு பொம்பளை நின்று கையாட்டுகிறாள். வீட்டுப் பெட்டிக்கு ஜப்பான்காரன் வேறு முடிவு வைத்திருக்கிறான். "பொருட்காட்சியில ஆடுறவனுக்கு அவன் வந்தா என்ன, வராட்டி என்ன? வீட்டுல இருக்கவகளுக்குத்தான வரணும்" என்று உன் அக்காளுக்கு ஒரே அழுகை, ஒரே சிரிப்பு.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. பெட்டி இங்கேயே இருக்கட்டும், வரும்போது எனக்கும் ஒரு ஆடுகிற கட்டை வாங்கி வா. இன்று மூன்று வகை வெஞ்சனம். விமானம் இறங்கிய படத்துக்குக் கீழே ஜப்பான் எழுத்தில் ஒரு வரி இருக்கிறது, பின்பக்கம் வரைந்திருக்கிறேன். "அவனுக்கு எம்புட்டு நாள் லீவுன்னுதான் போட்டிருக்கும், தம்பிகிட்டக் கேட்டு எழுதுங்க" என்கிறாள். உனக்கு அந்தப் பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ரெண்டு மாசத்துக்குக் குறையாமல் எழுது.